எரிச்சல் என்று ஒரு சொல்

மாலை ஐந்து நாற்பது. செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து புதுப்பட்டினத்தில் இறங்கி, டவுன்ஷிப் கேட்டைத் தாண்டி எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது, இரண்டாவது மாடி பால்கனிக் கொடியில் தொங்கிய ஒரு கத்திரிப்பூ நிறப் புடவை. எங்கள் வீட்டில் புடவை கட்டுகிறவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் நானும் மட்டுமே இருந்த வீடு. நான் சுடிதார் போடுகிறவள். புடவையின் கீழ் முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துவைத்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்காது. மாடி ஏறி முடிப்பதற்குள் அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான்கு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன அம்மா திரும்பி வந்திருந்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்பாக்கத்துக்கு டெக்னீசியன் வேலைக்கு வந்தவர். அம்மா செங்கல்பட்டு டவுனில், ரயில்வே வேலைக்காரர் வீட்டில் பிறந்தவள். மாமல்லபுரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சிப்பிச் சாமான் விற்கும் கடை ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். அந்தக் கடைக்கு வாரம் ஒருமுறை மொத்தமாகச் சரக்கு போட வந்த ஒருவரோடு, எனக்கு பிளஸ் டூ கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் போய்விட்டாள். பரீட்சை எழுதினேன். மதிப்பெண்ணும் குறையவில்லை. அதன் பிறகு சமையல் என் வேலையாயிற்று. தபாலில் பட்டம் படித்தேன். ஒரு நாளிதழின் செங்கல்பட்டு அலுவலகத்தில் செய்தி எழுதவும் பிழை திருத்தவும் சேர்ந்தேன். ஒரு நாள்கூட அப்பாவை வெறும் வயிற்றோடு ஷிப்டுக்கு அனுப்பியதில்லை.

நான் உள்ளே போனபோது அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். அப்பா டீ போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வந்துட்டியா? இன்னாடி இப்டி எளச்சிகீற, சோறு துன்றதில்லியா?" என்றாள் அம்மா, நேற்று சந்தைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா நீங்க வாங்கன்னுகினு? நான் இன்னா ஆபீசரா?"

அப்பா சிரித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான்கு வருஷம் நான் வைத்த எந்தக் குழம்புக்கும் அந்தச் சிரிப்பு வந்ததில்லை.

எங்கள் வீட்டில் தினம் ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம் நடக்கும். அம்மா போன பிறகும் அது நிற்கவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முதலில் அம்மாவின் பெயரைச் சொல்வார், அவள் இருக்கும் இடத்தில் அவளைக் காக்கும்படி கேட்பார். அதன் பிறகுதான் என் பெயர் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் இரண்டாவது, எங்கே இருக்கிறாள் என்றே தெரியாதவள் முதலாவது. நான்கு வருஷமாக ஒரு நாளும் அந்த வரிசை மாறவில்லை. அவள் வந்துவிட்ட அன்றாவது மாறும் என்று எதிர்பார்த்தேன். அன்று அவர் நன்றி சொன்னார். நன்றியிலும் அவள் பெயர்தான் முதலில் வந்தது.

அடுத்த சில மாதங்களில் நான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல முடியும். எனக்காக ஒருமுறையும் மீன் வாங்கப் போகாத அப்பா, சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளில் சதுரங்கப்பட்டினம் போய் அவளுக்கு வஞ்சிரம் வாங்கி வந்தார். அவள் கட்டிலில் தூங்க, இவர் பாயில் படுத்தார். அலமாரியின் மேல் தட்டில் அவளுடைய பழைய துணிகள் பூச்சி உருண்டையோடு மடித்தபடியே இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை அவற்றை வெயிலில் போட்டு எடுத்திருக்கிறார், நான் அலுவலகம் போயிருந்த நேரங்களில். எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது மருத்துவ அட்டை. குடும்பத்தில் யார் யார் என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுக்க வேண்டிய அந்தப் படிவத்தில், அவள் இல்லாத நான்கு வருஷமும் அவர் அவள் பெயரை எழுதியிருந்தார். அம்மாவுக்குப் பல்வலி வந்தபோது அட்டை தயாராக இருந்தது.

"எப்பிடியும் வருவான்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது."

"அப்பறம் எதுக்கு எழுதுனீங்க?"

"என் பொண்டாட்டிதான?" என்றார்.

அம்மா வருத்தப்படுகிறவளாகத் தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள், பக்கத்து வீட்டுப் பெண்களோடு மாடிப்படியில் நின்று வம்பு பேசினாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "இன்னாடி, போலீஸ்காரி மாதிரி மொறச்சிகினே கீற? பேப்பர்ல போடப் போறியா?" என்பாள். ஒருமுறை மட்டும், நான் வைத்த புளிக்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாரு கத்துக் குட்தாங்க உனக்கு?" என்று கேட்டாள். யாரும் கற்றுத்தரவில்லை என்றேன். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவள் வந்த மாதமே போதகர் வீட்டுக்கு வந்தார். அப்பா ஊர் வழக்கப்படி அவரை ஐயர் என்பார். பால்கனியில் நின்று இருவரும் பேசியது எனக்குக் கேட்டது.

"உடனே திருவிருந்துக்கு வர வேண்டாம். ஒரு ஆறு மாசம் பொறுக்கட்டும். சபையார் பாக்கறாங்கல்ல?"

"சரிங்கய்யா. ரெண்டு பேரும் பொறுத்துக்கிடுதோம்."

"நீங்க எதுக்கு? உங்க பேர்ல ஒண்ணும் இல்லியே."

"அவ உக்காந்திருக்கப்ப நான் மட்டும் எந்திரிச்சுப் போனா நல்லாருக்காது."

அப்படியே நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் வரிசையாக எழுந்து முன்னால் போகும்போது, அவர்கள் இருவரும் பெஞ்சிலேயே இருப்பார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து நான் மட்டும் போய் முழங்காலிட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். அப்போது அவர்கள் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருப்பார்கள். வாயில் ரசத்தின் இனிப்பு போவதற்கு முன்பே எனக்கு வயிறு காந்தும். சட்டப்படி சுத்தமாக இருந்தவள் நான். பக்கத்தில் ஆள் இருந்தது அவளுக்கு.

அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு ஞாயிறு, பத்துக் கட்டளைகளைப் பற்றிப் பிரசங்கம். கடவுள் தம்மை எரிச்சலுள்ளவர் என்று சொல்லிக்கொள்கிறார், அது புருஷனுக்கு வருகிற எரிச்சல், தம்மை விட்டு வேறொன்றின் பின்னால் போகிற ஜனத்தை அவரால் விட்டுவிட முடியவில்லை என்று போதகர் விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா அப்பாவின் பக்கம் சாய்ந்து, "இன்னா எரிச்சல்? நெஞ்செரிச்சலா?" என்று கேட்டாள். அப்பா பாட்டுப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

மதியம் சாப்பிடும்போது நான் சொன்னேன்: "எங்க ஆபீஸ்ல யாராவது இப்படி எழுதிக் குடுத்தா, எரிச்சலை அடிச்சிட்டுப் பொறாமைன்னு போடுவேன்."

அப்பா பிசைந்த சோற்றை விட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "அது தப்பாப் போயிரும். பொறாமைன்னா அடுத்தவங்கிட்ட இருக்கதைப் பாத்து வாரது. இது தன்னோடது போயிருச்சேன்னு வாரது."

"இதுக்கு மாத்திரை இல்லியா?" என்றாள் அம்மா.

"இல்ல," என்றார் அப்பா, அவளைப் பார்த்து.

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். எனக்கு இருந்தது எந்த வகை என்று அவர் என்னைப் பார்க்காமலே சொல்லிவிட்டதாக நினைத்தேன். போகிறவளுக்கே எல்லாம் என்றால் போகாதவளுக்கு என்ன மிச்சம் என்று அன்று படுக்கப் போகும்போது கடவுளிடமும் கேட்டேன். மரியாதையாகக் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் ஆவதற்குள் அம்மா மறுபடியும் போனாள். அதே ஆளோடுதான் போனாள். இந்த முறை சீட்டு ஒன்று எழுதி வைத்திருந்தாள்: தேட வேண்டாம் என்று ஒரே வரி. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் என்ற சந்தோஷம். சபையில் அவள் பெயரை எடுத்துவிட ஒரு கடிதம் கேட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. மருத்துவ அட்டைப் படிவம் வந்தபோது பழையபடி எழுதினார்.

"இன்னொரு தடவை அவங்க இந்த வீட்டுக்குள்ள வந்தா, நான் செங்கல்பட்டுல ஹாஸ்டல் பாத்துப் போயிடுவேன்," என்றேன்.

"சரி," என்றார். போகச் சொல்கிறாரா, கேட்டுக்கொண்டேன் என்கிறாரா என்று அந்தச் சரியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்குப் பின் ஒன்றரை வருஷம் கழித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த நாட்களில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று இருபத்தைந்துக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. எடுத்தது நான்.

"நாந்தான். கடப்பாக்கத்துல கீறேன். பக்கத்து வூட்டு நம்பர் போகவே மாட்டேங்குது, நம்பரெல்லாம் மாத்திட்டானுங்களாம். அதான் உங்க பேப்பர்ல பாத்து இதுக்குப் போட்டேன்." குரல் கம்மியிருந்தது. "மஞ்சக் காமாலை. அந்தாளு போயி ரெண்டு மாசம் ஆச்சு. அப்பாவ வந்து இட்டுகினு போகச் சொல்றியா?"

"சரி," என்றேன்.

"பஸ் நிக்கற எடத்துல டீக்கடை. அதும் பின்னாடிதான். நம்பர் எய்திக்கோ."

இடம், காமாலை, நம்பர் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டேன். பழக்கத்தில் தேதியையும் நேரத்தையும் குறித்தேன்.

எங்கள் மேஜையில், மரக்கட்டையில் நட்ட கம்பி ஒன்று இருந்தது. போட வேண்டாம் என்று முடிவான செய்திகளை அதில் குத்தி வைப்போம். கிழிப்பதில்லை, குப்பையில் போடுவதில்லை. கம்பிக்குப் போயிற்று என்றால் அந்தச் செய்தி வராது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை, எல்லாவற்றையும் உருவி எடுத்துப் பழைய பேப்பரோடு கட்டுவோம். நான் அந்தச் சீட்டை இரண்டு விபத்துச் செய்திகளுக்கும் ஒரு கோயில் திருவிழாவுக்கும் மேலே குத்தினேன். மறைத்துவிட்டேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. சீட்டு இருக்கிறது, இன்னும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது நாள் போயிற்று. அந்த ஒன்பது நாளும் ஏழரை மணிக்கு அப்பா அவள் பெயரைச் சொன்னார், அவள் இருக்கும் இடத்தில் அவளைக் காக்கும்படி கேட்டார். அந்த இடம் எனக்குத் தெரியும். பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடைக்குப் பின்னால். நான் ஆமென் சொன்னேன்.

மறுவாரம் சனிக்கிழமை கம்பியை உருவும் முறை என்னுடையது. மேலே பத்துப் பன்னிரண்டு தாள் சேர்ந்திருந்தன. சீட்டு கையில் வந்தபோது, கம்பி துளைத்த இடம் போன் நம்பரின் நடுவே விழுந்திருப்பது தெரிந்தது. ஒரு எண் போயிருந்தது. நான் அவளைத் திருப்பிக் கூப்பிட நினைத்தாலும் இனி முடியாது. அந்த ஓட்டையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று குறித்துக்கொள்ளவில்லை.

மாலை வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். சீட்டை வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தார். தேதியும் நேரமும் அதில் இருந்தன.

"காய்ச்சல் உண்டுமா?" என்றார்.

"கேக்கலை."

"காலைல அஞ்சரை பஸ்ஸுக்குப் போயிருவோம்." ஊசியைப் பத்திரமாகக் குத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

நான் அங்கேயே நின்றேன். "ஒம்பது நாளா வெச்சிருந்தேன். உங்களுக்குக் கோவம் வரலியா?"

"சொல்லிட்டியே."

"சொல்லாம இருந்தேன்னு சொல்றேன். அவ செத்திருந்தா?"

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். "பிள்ளே, எனக்கு எரியாம இல்ல. அவ போனதுலேருந்து எரியுது. இந்த ஒம்பது நாளும் எரிஞ்சுது."

"இந்த ஒம்பது நாள் எதுக்கு?"

"நீ எங்கிட்டப் பேசலயே. சோத்தை வச்சிட்டு அந்தால போயிருவே. நீ எங்கயோ போயிட்டேன்னு தெரிஞ்சுது. எங்கன்னு தெரியல."

அதுவரை எல்லாப் பிரசங்கத்தையும் நான் போகாதவளுடைய இடத்தில் உட்கார்ந்தே கேட்டிருந்தேன். வழிதப்பினவர்கள், சோரம் போனவர்கள், தேடிக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் என்று போதகர் சொல்லும்போதெல்லாம் என் கண் அம்மாவின் பக்கம்தான் போகும். ஒன்பது நாள் நான் வீட்டிலேயே இருந்துகொண்டு அவரை விட்டுப் போயிருந்தேன். அவர் என் பெயரையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார், இரண்டாவதாக.

காலையில் நானும் புறப்பட்டேன். என் துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டேன். கடப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் வழியாகச் செங்கல்பட்டு போய்விடலாம். ஹாஸ்டலில் இடம் இருப்பதாக முன்பே விசாரித்து வைத்திருந்தேன். அப்பா பையைப் பார்த்தார். தூக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

டீக்கடையில் ஒரு பெண் பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா விசாரித்ததும் நிமிர்ந்தாள்.

"நீதானா அண்ணாத்த அது? பத்து நாளா அந்தம்மா, பஸ்ஸு நிக்கறப்பல்லாம் எட்டி எட்டிப் பாத்துகினே கீது. ஒரு பஸ்ஸு வுடல."

பின்னால் ஓலை தடுத்த ஒரு அறை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். முழங்கை எலும்பு துருத்தியிருந்தது. அப்பாவைப் பார்த்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இப்பத்தான் வர்றியா?"

"நான்தான் தாமதமாக்கிட்டேன். தப்பு என்னோடதுதான்," என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆபீஸில் லீவு வேண்டுமென்றால்கூட உள்ளதைச் சொல்லித்தான் கேட்பார். அம்மா பிடித்துக்கொண்டாள். மனுசனா நீ, சொல்லி அனுப்பி எத்தினி நாளாச்சு, செத்து நாறின பெறகு வரலாம்னு இருந்தியா என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினாள். அப்பா குனிந்து அவள் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். ஆமாம், ஆமாம் என்றார்.

"நான்தாம்மா சொல்லலை," என்றேன். "நீ போன் பண்ணதை அவர்கிட்ட நேத்துத்தான் சொன்னேன்."

அம்மா திட்டுவதை நிறுத்தினாள். என் கையில் இருந்த பையைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்டி. போன்லயே தெரிஞ்சிடுச்சு. எப்டிக்கீறன்னு ஒரு வார்த்த கேக்கலியே நீ. சரின்னு வெச்சிட்ட."

"அப்பறம் எதுக்கு அவரைத் திட்டறே?"

"அவரத் திட்டுனா வாங்கிக்குவாரு," என்றாள் அம்மா. "உன்னத் திட்டுனா நீ பூடுவ."

அப்பா அவளைத் தோளைப் பிடித்து எழுப்பினார். இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நான் பிடித்தேன். அவள் எடை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடைதான் இருக்கும். ஐம்பது அடி தூரத்துக்கு இரண்டு இடத்தில் நின்றோம்.

மதுராந்தகம் போகும் பஸ் முதலில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், நாலைந்து பேர் ஏறினார்கள். நான் அம்மாவின் கையை விட்டால் அவள் சாய்ந்துவிடுவாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பஸ் கிளம்பிப் போயிற்று.

ஏழு நிமிடம் கழித்து எங்கள் பக்கம் போகும் பஸ் வந்தது. கடைசி வரிசைக்கு முன் சீட்டில் இடம் கிடைத்தது. அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தோம். பாலத்து வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் பஸ் மெதுவாகப் போனபோது கண்டக்டர் வந்தார்.

அப்பா, "புதுப்பட்டினம், மூணு," என்று டிக்கெட் வாங்கினார்.